மூன்று நிமிட இடைவெளி

காலை ஏழு இருபது. இறந்தவர்கள் நான்கு பேர். கேள்வி கேட்டவர் பெயர் தணிகாசலம்.

"மேடம், நான் எங்கே தப்பு செஞ்சேன்?"

ஆசிரியை கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நோட்டை எடுத்துட்டு வாங்க, அண்ணாச்சி."

எடுத்து வந்தார்.

"படிங்க."

"நவம்பர் பதினொண்ணு, சனிக்கிழமை. மூணாம் இடம். இடைவெளி மூணு நிமிஷம்."

"மூணு நிமிஷம்னா?"

"மண்ணுல ஈரம் இல்லைன்னு அர்த்தம்."

"மிஷின்?"

"ரெண்டு தடவை சோதிச்சேன். நல்லா இருந்துச்சு."

"எழுதினது?"

"வந்ததைத்தான் எழுதினேன்."

"அப்ப என்ன கேக்கறீங்க?"

"நாலு பேர் செத்துட்டாங்க மேடம்."

அவர் அடுத்த குப்பியை எடுத்தார். அது ஏற்கெனவே கழுவி வைத்தது. மறுபடி கழுவினார்.

*

மாணவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆசிரியை ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு.

தணிகாசலம் அரக்கோணம் பக்கம். பதினெட்டு வருடம் ரோடு போடுகிற இடங்களில் மண் சோதித்தவர். ஐம்பதாவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு ஜெசிந்தாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

பழைய அலுவலகத்தில் சிரித்தார்கள். பேரனோடு சேர்ந்து ஸ்கூல் பேக் வாங்கினால் விலை குறையும் என்றார் ஒருவர்.

அவரை இழுத்தது ஒரே விஷயம். மண்ணைத் தோண்டாமல், அதற்குள் இருக்கும் தண்ணீரை அளக்கலாம் என்று ஜெசிந்தா ஒரு கூட்டத்தில் சொன்னார்.

வழி எளிது. சரிவில் இரண்டு குழாய்களை இறக்க வேண்டும். நடுவில் நான்கு மீட்டர். ஒன்றில் இரண்டு வாயுக்களை ஒன்றாக உள்ளே விட வேண்டும். இன்னொன்றில் பம்பு வைத்து இழுக்க வேண்டும்.

ஒரு வாயு ஹீலியம். அது தண்ணீரில் கரையாது என்றே வைத்துக்கொள்ளலாம். நேரே வந்துவிடும்.

மற்றது கரையும். வழியில் தண்ணீரைக் கண்டால் உள்ளே போகும். சற்று இருந்துவிட்டு வெளியே வரும். மறுபடி தண்ணீர், மறுபடி உள்ளே. அதனால் பின்னால் வரும்.

எவ்வளவு பின்னாலோ அவ்வளவு தண்ணீர்.

குழுவில் யாரும் ரசாயனப் பெயர் சொல்வதில்லை. முதலாவதை நிக்காதவன் என்பார்கள். இரண்டாவதை நின்னு வர்றவன்.

*

இடம் எல்லைப்பாறை எஸ்டேட், மூன்றாவது டிவிஷன். மேலே தேயிலைச் சரிவு. அடியில் ஒரு லைன். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். இருப்பவர்கள் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள்.

அந்தச் சரிவு இறங்கக்கூடியது என்று முன்பே தெரியும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் ஆட்களை மாற்ற வேண்டும். அதற்காகத்தான் ஐந்து இடங்களில் குழாய் இறக்கி ஒரு வருடமாக அளந்துவந்தார்கள்.

நவம்பர் முதல் வாரம் ஆறு நாள் மழை. பன்னிரண்டு குடும்பங்களும் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போயின.

ஏழாம் தேதி மழை நின்றது. வெயில் வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்க வேண்டும்.

அதிகாரி ஒருவர் போனில் கேட்டார். "வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா? ஒரே வரியில எழுதிக் கொடுங்க."

சனிக்கிழமை தணிகாசலம் அளந்தார். வழக்கமாக நாற்பது நிமிடத்துக்குப் பக்கமாக வரும் இடைவெளி அன்று மூன்று நிமிடம் வந்தது. ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். ஈரம் குறைவு, வீடு திரும்பலாம்.

ஞாயிறு மாலை குடும்பங்கள் திரும்பின.

திங்கள் காலை ஐந்து பத்துக்குச் சரிவு இறங்கியது. கிழக்குக் கோடியில் மூன்று வீடுகள். நான்கு பேர்.

அன்று மழை இல்லை.

*

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"என்ன இது?"

"விலகிக்கறேன் மேடம்."

ஜெசிந்தா ஒரு குப்பியை அதன் மேல் கவிழ்த்து வைத்தார். தண்ணீர் வடிந்தது. மை பரவியது.

"இது காயட்டும். அதுவரைக்கும் வாங்க, அஞ்சாம் இடத்துல அளக்கணும்."

"அங்க ஒண்ணும் ஆகலையே. அது நல்ல சரிவு."

"அதனாலதான்."

*

ஐந்தாம் இடம் எஸ்டேட்டின் மறுபக்கம். அங்கிருந்து பார்த்தால் இறங்கிய சரிவு தெரியாது.

தணிகாசலம் குழாய்களை மாட்டினார். பம்பை ஓட்டினார். வாயுக்களை விட்டார். கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜெசிந்தா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

இருபத்தாறாம் நிமிடம் மிஷினில் முதல் கோடு எழுந்தது.

"நிக்காதவன் வந்துட்டான்" என்றார் தணிகாசலம்.

"இன்னொருத்தர்?"

"வரணும்."

காத்திருந்தார்கள். தேயிலைக்கு நடுவில் ஏதோ பறவை கத்தியது.

"அண்ணாச்சி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"ரெண்டு பேர் ஒரே வீட்டுல இருந்து ஒண்ணாக் கிளம்புறாங்க. ஒருத்தர் எங்கேயும் நிக்க மாட்டார். இன்னொருத்தர் தெரிஞ்ச வீட்டுல எல்லாம் நுழைஞ்சு, உட்கார்ந்து, பேசிட்டு வருவார். தினமும் அவர் லேட்டு. ஒரு நாள் ரெண்டு பேரும் சேர்ந்தாப்புல வந்து நிக்கறாங்க. ஏன்?"

"அன்னிக்கு எந்த வீட்டுலயும் ஆள் இல்ல."

"இது நீங்க சனிக்கிழமை எழுதின பதில்."

அவர் பம்பின் குழாயைச் சரிசெய்தார்.

"வேற பதில் இருக்கா?"

யோசித்தார். "சண்டை போட்டிருப்பாரு. யார் வீட்டுக்கும் போறதில்லைன்னு."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. நான்கு நாளில் முதல் தடவை. உடனே நின்றது.

"வாயுவுக்குக் கோபம் வராது அண்ணாச்சி."

"அப்ப தெரியல. சொல்லுங்க."

அறுபத்து நான்காம் நிமிடம் இரண்டாவது கோடு எழுந்தது.

"என்ன வந்துச்சு?"

"இடைவெளி முப்பத்தெட்டு நிமிஷம். நல்ல ஈரம் இருக்கு."

"வேற என்ன வந்துச்சு?"

தணிகாசலம் மிஷினைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் வரல."

ஜெசிந்தா எழுந்து சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போங்க. சடையன்னு ஒருத்தர் இருக்கார். செத்துப்போன அன்னக்கிளியோட வீட்டுக்காரர்."

"அவர்கிட்ட நான் என்ன கேக்கறது?"

"ஒண்ணும் கேக்காதீங்க."

"என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. டீ கொடுத்தா குடிங்க."

*

பள்ளிக்கூடம் திறந்திருந்தது. வகுப்பறைகளில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். குடும்பங்களைப் பின்பக்கம் சத்துணவுக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். கம்பளி, தகரப் பெட்டி, குக்கர், கூடையில் இரண்டு கோழி.

தணிகாசலம் நுழைந்ததும் பேச்சு நின்றது.

பிறகு ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள். "வந்துட்டாரு. இன்னிக்கு எதை அளக்கப் போறாராம்?"

"உன் வாயை அளப்பாரு" என்றாள் இன்னொருத்தி.

"அளக்கட்டும். அதுல ஈரம் இல்லைன்னு எழுதிக் கொடுக்கட்டும். நான் வீட்டுக்குப் போறேன். வீடுதான் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

"சும்மா இருங்கம்மா" என்று மூலையிலிருந்து குரல் வந்தது.

சடையன். நாற்பத்தேழு வயது. தேயிலை ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட். திங்கள் காலை ஐந்து பத்துக்கு அவர் ஃபேக்டரியில் இலை அள்ளிக்கொண்டிருந்தார். தலையை மொட்டை அடித்திருந்தார்.

"உட்காருங்க சார்."

தணிகாசலம் உட்கார்ந்தார். கால்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சடையன் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி ஒரு டம்ளரில் ஊற்றினார். பால் இல்லாத டீ.

"தேத்தண்ணி. குடிப்பீங்களா?"

"குடிப்பேன்."

குடித்தார். சடையன் அவர் குடிப்பதையே பார்த்தார்.

"ஒரு வருஷமா வந்து போறீங்க. எங்க தேத்தண்ணி குடிக்கிறது இதுதான் முதத் தடவை."

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி எடுத்தார்.

"அவ எத்தினி வாட்டி கூப்பிட்டிருப்பா. ஐயா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கன்னு. நேரமில்லம்மான்னு மேல ஏறிருவீங்க."

"ஆமா."

"லைன்ல உங்களுக்கு ஒரு பேரு உண்டு. சொல்லவா?"

"சொல்லுங்க."

"நிக்காதவரு."

தணிகாசலம் நிமிர்ந்தார்.

"நீங்கதானே சார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. ஒருத்தன் நிக்க மாட்டான், ஒருத்தன் நின்னு நின்னு வருவான்னு. ஏறிக்கிட்டே சொன்னீங்களாம். அதைக்கூட நின்னு சொல்லலையாம். அன்னிக்கே பேரு வெச்சுட்டா."

சடையன் சிரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

"அவளுக்கு வாய் ஜாஸ்தி சார்."

தணிகாசலம் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

பக்கத்து வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாம் வாய்ப்பாடு தொடங்கியது.

*

"சனிக்கிழமை பகல்ல வீட்டைக் கூட்டிட்டு வர்றேன்னு போனா" என்றார் சடையன்.

"அங்க போய்ப் பார்த்தா, எலி. ஆறு நாள் ஆள் இல்லைல்ல? அரிசி மூட்டையை ஓட்டை போட்டு வெச்சிருக்கு. அவளுக்கு எலின்னா ஆகாது. அடுப்புக்குப் பின்னால சுவரோரமா வளை. எங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமா சார்?"

"தெரியாது."

"புகை போடுவாங்க. தேயிலைச் செடியில வெட்டிப் போட்ட கவாத்துக் குச்சியைக் கொளுத்தி, அது மேல காஞ்ச மொளகாயைப் போட்டு, வளைக்குள்ள திணிச்சு, வாயைச் சாக்கால அடைச்சிருவாங்க. எலி இன்னொரு வாசல் வெச்சிருக்கும். புகை அது வழியா வரும். அங்க ஒருத்தர் தடியோட நிப்பாங்க."

"சரி."

"எங்க வளைக்கு இன்னொரு வாசல் சாக்கடைக்கிட்ட. அது எப்பவும் அங்கதான். இவ புகையைப் போட்டுட்டு, வெளக்கமாத்தைத் தூக்கிட்டு சாக்கடைக்கிட்ட போய் நின்னிருக்கா. புகை வரல."

"ம்."

"பார்த்தா மேல வருது. நாப்பது அடி தள்ளி, செடிக்கு நடுவுல. அதுவும் ஒரு இடத்துல இல்லையாம். கோடு இழுத்தாப்புல நீளமா வருதாம். உங்க கொழாய் இருக்குல்ல, மூணாவது, அங்க வரைக்கும்."

தணிகாசலம் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

"அங்க நீங்க நின்னுகிட்டு இருந்தீங்களாம் சார். மிசினுகிட்ட. திடீர்னு இருமுனீங்களாம். இருமி, தும்மி, கண்ணைக் கசக்கிக்கிட்டு. இவ கீழ நின்னு சிரிச்சிருக்கா. சாயந்தரம் வந்து எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எலிக்குப் போட்ட புகை ஐயாவுக்குப் போயிருச்சுன்னு."

இருமியது தணிகாசலத்துக்கு ஞாபகம் வந்தது. யாரோ மிளகாய் வறுக்கிறார்கள் என்று அன்று நினைத்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நேரத்தைக் குறித்தார். வேற என்ன வந்துச்சு என்று ஜெசிந்தா கேட்டது இதைத்தான்.

"ஐயா, ஐயான்னு கூப்பிட்டாளாம். புகை இப்படி வருதே, கொஞ்சம் பாருங்கன்னு. நீங்க கையைக் காட்டிட்டு மூட்டை கட்டிட்டீங்களாம். ஜீப் நின்னுச்சாம்."

ஜீப் நின்றது. அதிகாரி நான்கு மணிக்குள் தாள் வேண்டும் என்றிருந்தார்.

"ராத்திரி எங்கிட்ட சொன்னா. எலி இவ்வளவு தூரம் தோண்டாது, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு, நாம ரெண்டு நாள் கழிச்சுப் போவோம்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

பதிலையும் சடையனே சொன்னார்.

"எலி மேஸ்திரி வேலை பார்க்குதுடி, மேல பங்களா கட்டுதுன்னு சிரிச்சேன். படிச்சவரு அளந்து, காய்ஞ்சிருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாரு, ஒன் எலியை நம்பறதா அவரை நம்பறதான்னு கேட்டேன். ஞாயித்துக்கெழமை நான்தான் பெட்டியைத் தூக்கித் தலையில வெச்சு அனுப்புனேன். அனுப்பிட்டு ஷிப்டுக்குப் போயிட்டேன்."

சடையன் அடுப்பில் ஒரு குச்சியைத் தள்ளினார்.

"ஒண்ணு கேக்கணும் சார். நீங்க அளந்தது சரிதானே? காய்ஞ்சுதானே இருந்துச்சு?"

"ஏன் கேக்கறீங்க?"

"மண்ணு காய்ஞ்சிருந்தும் இறங்குச்சுன்னா அது விதி. ஆனா அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லியிருக்கா. கேக்காதவன் நான். அப்ப கொன்னது நான்தானே?"

*

ஜெசிந்தா கேட்ட கேள்வியில் வரும் அந்த இருவரும் அன்று வேறு தெருவில் வந்திருக்கிறார்கள். வீடே இல்லாத தெரு.

தணிகாசலம் டம்ளரைத் தரையில் வைத்தார்.

"சடையன், அங்க விரிசல் இருந்திருக்கு. கவாத்துக் குப்பை மூடி இருந்ததால என் கண்ணுக்குப் படல. புகை அது வழியாத்தான் மேல வந்துச்சு. என் வாயுவும் அது வழியாத்தான் வந்துச்சு. ரெண்டும். மண்ணுக்குள்ள போகவே இல்ல. மண்ணு முழுக்கத் தண்ணி நின்னிருக்கு. நான் அதைத் தொடாம, காய்ஞ்சிருக்குன்னு எழுதிட்டேன்."

சடையன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பு உங்க மேல இல்ல. என் மேல."

"மனசைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க."

"இல்ல."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க சார். வேலையை மேற்பார்க்கிற எஸ்டேட் கண்டக்டர் வந்து சொன்னாரு. சங்கத்துல இருந்து வந்து சொன்னாங்க. ஒன் தப்பு இல்ல சடையான்னு. யாரும் வேற என்ன சொல்வாங்க?"

"நான் உண்மையைச் சொல்றேன்."

"அன்னிக்கும் உண்மைதானே சொன்னீங்க?"

தணிகாசலம் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"எழுதித் தாங்க" என்றார் சடையன். "அன்னிக்கு எழுதிக் கொடுத்தீங்கல்ல, சீல் வெச்சு. அதே தாள்ல எழுதித் தாங்க. அதை நம்பித்தானே அவளை அனுப்புனேன். இதையும் நம்பறேன்."

*

மதியம் ஒன்று நாற்பது. ஜெசிந்தா அதே இடத்தில் இருந்தார். குப்பிகள் எல்லாம் கவிழ்ந்திருந்தன.

"விரிசல்" என்றார் தணிகாசலம்.

"ம்."

"உங்களுக்குப் புகை விஷயம் தெரியுமா?"

"இழவுக்குப் போயிருந்தேன். பொம்பளைங்க அழுதுகிட்டே சொன்னாங்க."

"அது மட்டும் இல்ல. நோட்டைப் பாருங்க மேடம். சனிக்கிழமை ஹீலியம் பதினோரு நிமிஷத்துல வந்திருக்கு. வழக்கமா இருபத்தாறு."

"ம்."

"மண்ணு காய்ஞ்சா உள்ள காத்துக்கு இடம் கூடும். பம்பு அதே அளவுதான் இழுக்கும், அதனால இடம் கூடினா ஹீலியம் இன்னும் மெதுவா வரணும். அது பாதி நேரத்துல வந்திருக்கு. அதைப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். என் கையாலதான் குறிச்சிருக்கேன். பார்க்கல."

"ம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை. நோட்டைத் திறந்ததும்."

"இன்னிக்கு வெள்ளி. ஏன் சொல்லல?"

ஜெசிந்தா இழுப்பறையைத் திறந்தார். ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுல ஹீலியம் வந்த நேரத்தை எங்க எழுதணும்? காட்டுங்க."

தணிகாசலம் பார்த்தார். தேதி. இடம். இடைவெளி. முடிவு. கையெழுத்து, மேலொப்பம்.

"இடம் இல்ல."

"மூணு வருஷம் முன்னாடி இருந்துச்சு. முதல் நேரம், ரெண்டாம் நேரம், இடைவெளின்னு மூணு கட்டம். எதுக்கு இத்தனை நம்பர், குழப்பமா இருக்குன்னு மேல கேட்டாங்க. சரிதான், இடைவெளி போதும்னு ரெண்டு கட்டத்தைத் தூக்கிட்டேன். எல்லாருக்கும் அதை மட்டும் பார்க்கப் பழக்கிட்டேன்."

"யார் கேட்டாங்க?"

"யார் கேட்டா என்ன? தூக்கினது நான்."

வெளியே ஜீப் ஒன்று போனது. நிற்கவில்லை.

"சடையன் எழுதிக் கேக்கறார் மேடம். அதே தாள்ல."

ஜெசிந்தா படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவை எடுத்தார். அடியில், மேலொப்பம் வரும் இடத்தில், கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். சீல் வைத்தார். தணிகாசலத்தின் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க."

"என்ன எழுதப் போறேன்னே பார்க்காம கையெழுத்துப் போடறீங்க."

"சனிக்கிழமையும் அப்படித்தானே போட்டேன்."

*

ஒன்பது வரி வந்தது. விரிசல் இருந்தது, நான் பார்க்கவில்லை. பதினோரு நிமிடம் என்று குறித்தேன், யோசிக்கவில்லை. அன்னக்கிளி என்பவர் என்னைக் கூப்பிட்டார், நான் நிற்கவில்லை. வீடு திரும்பலாம் என்று எழுதியது தவறு. படிவத்தில் இரண்டு கட்டங்கள் நீக்கப்பட்டிருந்ததும் ஒரு வரியில் இருந்தது. கீழே தணிகாசலம் கையெழுத்துப் போட்டார்.

இருவரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனார்கள்.

கொட்டகையில் காலையில் பேசிய பெண் ஒரு பலகையை எடுத்துப் போட்டாள்.

சடையன் தாளை வாங்கினார். விரலை வரிக்கு அடியில் வைத்துப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். நேரம் ஆனது. அன்னக்கிளி என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது.

"இது நெசம்தானா டீச்சர்?"

"நெசம்தான்" என்றார் ஜெசிந்தா.

"இதைக் கொடுத்தா உங்க ரெண்டு பேர் வேலைக்கும் ஏதாச்சும் ஆகும்ல?"

"ஆகலாம்."

"சின்ன வயசு உங்களுக்கு."

ஜெசிந்தா தரையைப் பார்த்தார்.

சடையன் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார்.

"ரெண்டு கையெழுத்து இருக்கு."

"ஆமா."

"மூணாவதுக்கு இடம் இருக்கா?"

"எதுக்கு?" என்றார் தணிகாசலம்.

"அவ புகையைப் பத்திச் சொன்னப்ப நான் சிரிச்சேன். அது இதுல இல்ல."

"சடையன், அது தப்பு இல்ல. நாங்க எழுதிக் கொடுத்ததை நம்பினீங்க. அவ்வளவுதான்."

"அது உங்க கணக்கு சார். வீட்டுல எனக்கும் அவளுக்கும் வேற கணக்கு."

கையை நீட்டினார்.

தணிகாசலம் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை கையில் பேனா இருந்தது. மூடியைக் கழற்றி, சடையனிடம் கொடுத்தார்.

*

2018 ஜூன் 22ஆம் தேதி விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியானது. எழுபத்தாறு பக்கம். சாட்சிகள் பத்தொன்பது பேர். தவறு தங்களுடையது என்று மூன்று பேர் எழுதிக் கொடுத்ததாக நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. தவறு யாருடையதும் அல்ல, காரணம் மழை என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.